மழைக்குப் பயந்து ஜூனில் வர வேண்டுமா?

திருச்சியில் கல்லூரி படிக்கும் என் பாட்டியின் தம்பி பேத்தி சென்ற மாதம் வாட்ஸ்அப்பில் கேட்டாள்: "அக்கா, கோலாலம்பூர் வர எந்த மாசம் நல்லது? மழை இல்லாத மாசமா சொல்லுங்க." நானும் கைப்பேசியில் தேடி, முதலில் கண்ணில் பட்டதை அப்படியே அனுப்பினேன்: ஜூன், ஜூலை. எட்டிப் பார்த்த அம்மா, "ஜூன்ல வந்து அந்தப் புள்ள இங்க என்னத்த பார்க்கப் போவுது?" என்றார்.

அன்றிரவே அந்தப் பதிலை அழித்துவிட்டேன். இது மலேசியாவுக்கு வருகை தரும் ஆண்டு 2026. வெளியூரில் உறவினரோ நண்பரோ உள்ள மாணவர்கள் பலருக்கும் இதே கேள்வி வரும் என்பதால் காரணத்தை எழுதுகிறேன்.

அவள் கேட்டதில் தவறில்லை. தமிழ்நாட்டில் மழைக்கென்று ஒரு காலம் உண்டு. சென்னைக்கு ஆண்டில் கிடைக்கும் ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டி முடிந்துவிடும். கோலாலம்பூரில் பெய்வது 2,400 மில்லிமீட்டருக்கும் அதிகம். அதுவும் பன்னிரண்டு மாதமும் பெய்யும். வறண்ட மாதம் எனப்படும் ஜூன், ஜூலையிலும் சராசரி 100 மில்லிமீட்டருக்குக் குறைவதில்லை. வெப்பமும் எந்த மாதமானாலும் பகலில் 32, 33 பாகைதான். ஆகவே இங்கே மாதத்தைவிட மணியைப் பார்க்க வேண்டும். காலை வெயிலில் நிலம் சூடேறி, ஈரக் காற்று மேலெழும்பி, பிற்பகல் மூன்று மணி வாக்கில் இடியுடன் கொட்டும். இரவுச் சாப்பாட்டுக்குள் பெரும்பாலும் ஓய்ந்துவிடும்.

"நவம்பர், டிசம்பரில் மலேசியா போகாதீர்கள்" என்ற எச்சரிக்கை கிழக்குக் கரைக்குரியது. தமிழ்நாட்டுக்கு மழை தரும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் கிளந்தான், திரெங்கானுவில் வெள்ளத்தைக் கொண்டு வருகிறது. நமக்கும் அதற்கும் நடுவே தித்திவங்சா மலைத்தொடர் நிற்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் அதிக மழை பெய்வது பருவக்காற்று மாறும் ஏப்ரலிலும், அக்டோபர், நவம்பரிலும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான வறட்சிக்கும் ஒரு விலை உண்டு. சுமத்ராவில் காடும் கரிமண் நிலமும் எரிந்தால் தென்மேற்குக் காற்று புகையை நேராக நம் பக்கம் தள்ளும். 2005 ஆகஸ்டில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டி, கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 2019 செப்டம்பரில் பள்ளிகள் மூடப்பட்டது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். எல்லா ஆண்டும் இப்படி இல்லை. ஆனால் மழைக்குக் குடை இருக்கிறது, புகைக்கு என்ன இருக்கிறது?

அம்மா சொன்னதற்கு வருகிறேன். தீபாவளிக்கு முந்திய மூன்று வாரம் அம்மாவும் சித்தியும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் கூடாரம் போட்டு அச்சு முறுக்கும் நெய் உருண்டையும் விற்பார்கள். தீபாவளி வருவதோ மழை உச்சத்தில் இருக்கும் அந்த இரு மாதங்களில்தான். நாலு மணிக்கு வானம் இருண்டால் நான் முறுக்கு டின்களை மூட ஓடுவேன். ஈரக்காற்று பட்டால் நமத்துவிடும். தொடர்ந்து நான்கு நாள் மாலையில் கொட்டினால் போட்ட முதலைப் பற்றி வீட்டில் யாரும் பேச மாட்டோம். அப்படியும் ஒன்பது மணிக்கு மழை விட்டதும், ஈரத் தார்ச்சாலையில் விளக்கு வெளிச்சம் விழ, சேலைக் கடை, பூக்கடை, வளையல் கடை என்று கூட்டம் நகர முடியாமல் நிற்கும். பிரிக்பீல்ட்ஸிலும் அப்படித்தான். மழையில்லாத மாதம் பார்த்து வரும் பயணி இரட்டைக் கோபுரத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு போகிறார். இந்த வியாபாரிகளை அவர் பார்ப்பதே இல்லை. நாமும் விருந்தினரைப் பேரங்காடிக்கு அழைத்துப்போவதோடு சரி.

மழையை அழகு என்று மட்டும் சொன்னால் அது பொய். 2021 டிசம்பர் 18இல் மலைத்தொடரும் நம்மைக் காக்கவில்லை. தீபகற்பத்தைக் கடந்து வந்த தாழ்வழுத்த மண்டலம் விடாமல் கொட்டி, ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் ஏறிக் காத்திருந்தார்கள். அப்போது நான் மூன்றாம் படிவம். எங்கள் வீட்டில் தண்ணீர் வாசலோடு நின்றது. இன்றும் இரவில் கனமழை என்றால் அப்பா எழுந்து கால்வாயைப் பார்த்துவிட்டு வருவார். எனவே வருபவர்கள் வானிலை ஆய்வுத் துறையின் எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு வெளியே கிளம்பட்டும்.

திருச்சிக்கு இப்படி எழுதி அனுப்பினேன்: தீபாவளி நவம்பர் 8. பத்து நாள் முன்னதாக வா. பத்துமலையின் 272 படிகளைக் காலை எட்டு மணிக்குள் ஏறிவிடுவோம். மூன்று முதல் ஆறு வரை கூரைக்கு அடியில். பிறகு கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ஏறிக் கிள்ளான்.

அவளுக்கு நவம்பரில் பருவத் தேர்வாம். அடுத்த ஆண்டு தீபாவளி அக்டோபரிலேயே வந்துவிடுகிறது, அப்போது வருகிறேன் என்கிறாள். கடையில் ஆள் போதவில்லை, வந்தால் முறுக்கு டின் மூட வேண்டியிருக்கும் என்று அம்மா சொல்லச் சொன்னார்.