ஆறாம் பாடம்

மருத்துவம் பயில விரும்பும் மாணவர் சிலர் கணிதத்தை ஆறாம் பாடமாக ஏற்கின்றனர்; பன்னிரண்டாம் வகுப்பில் அதனை விடலாமா என்று தயங்குகின்றனர். விடுவதே நன்று என்பது என் கருத்து. மத்திய வாரியத் தேர்வுக்கு ஆங்கிலம், இயற்பியல், வேதியியல், உயிரியல், தமிழ் என ஐந்து பாடங்கள் போதும். (தமிழை விடுமாறு நான் கூறுவேனா?) நீட் தேர்வின் 720 மதிப்பெண்களில் 360 உயிரியலுக்கு உரியவை, கணிதத்திற்குத் தனி இடமில்லை.

"பொறியியலும் கைவசம் இருக்கட்டுமே" என்பர் பெற்றோர். ஊரை விட்டு வந்து உழைப்போரின் அச்சம் அது, எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. கணிதமின்றிப் பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் சேர இயலாது என்பதும் மெய்யே. ஆயினும், மருத்துவமே என்று உறுதி கொண்ட பிள்ளை நள்ளிரவு வரை தொகையீட்டுக் கணக்குகளோடு போராடுவது ஏன்? இயற்பியலுக்கு வேண்டிய அளவு கணிதத்தைக் கற்றல் போதும். விடுவதாயின், தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்பப்படுமுன் வகுப்பாசிரியரிடம் தெரிவித்தல் வேண்டும்.