மண்ணுக்குள் மறையும் தண்ணீர்

தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடுமாறு இல்லங்களுக்கு உபதேசம் செய்வோர் பலர். வீதிக்கடியில் உடைந்த குழாய் இரவெல்லாம் வார்த்துவிடும் தண்ணீரைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். ஒலுவில் முதலான அம்பாறைக் கரையோர ஊர்கள் மணற்பூமியில் அமைந்தவை. களிமண் நிலமாயின் கசிவு மேலே ஊறித் தன்னைக் காட்டிக்கொடுக்கும். மணலோ ஓசையின்றி விழுங்கிவிடும்.

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை இக்கரையோரக் கிணறுகளை உவராக்கியதை எவரும் மறந்திரார். குளத்து நீரைச் சுத்திகரித்துக் குழாய்வழி கொணர மின்சாரமும் மருந்தும் செலவாகின்றன. அஃதன்றி, விநியோகம் தடைப்பட்டு அழுத்தம் குன்றும்போது, கசியும் ஓட்டை வழியாகவே அழுக்குநீர் உட்புகவும் கூடும். எனவே இது பணத்தின் கேள்வி மட்டுமன்று. குழந்தைகளின் உடல்நலத்தின் கேள்வியுமாகும்.

கண்ணுக்குத் தெரியாத கசிவைக் காதாற் கேட்கும் ஒலி உணரிகள் இன்று உள்ளன. ஓர் உணரி கசிவு உண்டென்று மட்டுமே சாட்சி சொல்லும். இடத்தைத் துணிய இரண்டு வேண்டும். ஒரே இரைச்சல் இரு முனைகளையும் வந்தடையும் நேர வேறுபாட்டைக் கொண்டே தோண்டவேண்டிய இடம் கணிக்கப்படுகிறது. இரும்புக் குழாயில் ஒலி நெடுந்தூரம் செல்லும், பி.வி.சி. குழாயில் விரைவில் அடங்கிவிடும். ஆகவே பெருநகரத்துப் பழைய இரும்புக் குழாய்களுக்கு வகுத்த இடைவெளியைப் பி.வி.சி. குழாய் பதித்த ஊர்களில் அப்படியே பின்பற்றலாகாது.

மூலைக்கு மூலை கருவி வைக்க நிதி இடந்தராது. எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. அரசியல் நுழைவதும் அவ்விடத்திற்றான். செல்வாக்குள்ளோர் வாழும் வீதியா, குழாய் மூத்து அழுத்தம் மிகுந்த ஒழுங்கையா? இடத்தேர்வின் விலையை ஒலுவிலுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2013இல் திறக்கப்பட்ட துறைமுகத்தின் வாயை மணல் அடைத்தது. வடபால் கரையைக் கடல் அரித்தது.

முதலில் ஊரை வலயங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வலயத்தின் வாயிலிலும் மானி பொருத்தி, பின்னிரவு 2 மணி முதல் 4 மணி வரை ஓடும் நீரை அளத்தல் வேண்டும். ஊர் உறங்குகையில் ஓடும் நீரிற் பெரும்பகுதி கசிவேயாம். ரமழான் மாதத்தில் இக்கணக்குப் பிழைக்கும். சஹர் வேளையில் வீடுகள் விழித்திருக்கும். தலைநகரிலிருந்து திட்டம் வரைவோர் இதனை மறக்கலாம், ஊரார் மறவார். மிகுதியாகக் கசியும் வலயத்துக்கே முதல் உணரிகள் செல்லட்டும்.

கம்போடியத் தலைநகர் புனோம் பென்னில் 1993இல் நூற்றுக்கு 72 பங்கு நீர் கசிவாலும் களவாலும் கணக்கில் வராது போயிற்று. 2008 அளவில் அது ஏறத்தாழ 6 பங்காகச் சுருங்கிற்று. மானியும் விரைந்த பழுதுபார்ப்பும் மட்டுமல்ல, அதிகாரம் படைத்தோரும் கட்டணம் செலுத்தியே தீரவேண்டும் என்ற உறுதியும் அவ்வெற்றிக்குக் காரணமாம்.

தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடம் நாம் கோருவது சலுகையன்று. உணரி வைக்கும் ஒவ்வோர் இடத்தையும், அதற்கான காரணத்தையும், கண்டறிந்த கசிவு எத்தனை நாளில் அடைக்கப்பட்டது என்பதையும் தமிழில் எழுதி அட்டாளைச்சேனைப் பிரதேச சபையில் பகிரங்கமாக வைக்கட்டும். மறுப்பின், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. மக்களே, கேட்டுப் பெறுவோம். கேளாத ஊரின் தண்ணீர் மண்ணுக்கே போகும்.