தீவனக் கட்டியை எங்கே வைப்பது?

அமெரிக்காவின் மான்டானா போன்ற மேற்கு மாநிலங்களில் இறைச்சி மாடுகள் ஆண்டின் பெரும்பகுதியைத் திறந்தவெளிப் புல்நிலத்திலேயே கழிக்கின்றன. கோடையின் பிற்பகுதியிலேயே புல் முற்றிக் காயத் தொடங்குகிறது. அதிலுள்ள புரதம் 7 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது துணைத் தீவனம் தேவைப்படுகிறது. எத்தனை கிலோ போடுவது என்பதில் காட்டும் கவனத்தைப் பண்ணையாளர்கள் எதை, எப்போது, எங்கே போடுவது என்பதிலும் காட்ட வேண்டும்.

காய்ந்த புல்லை மாட்டுக்குச் செரித்துத் தருபவை அதன் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள். பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கைக் கொஞ்சம் கொடுத்தால் அவற்றுக்குத் தேவையான நைட்ரஜன் கிடைக்கிறது. நார் விரைவாகச் செரித்து, வயிற்றில் இடம் உண்டாகி, மாடு கூடுதலாகப் புல் தின்கிறது. மக்காச்சோளத்தை அள்ளிக் கொட்டினால் நேர்மாறாக நடக்கும். மாவுச்சத்தால் அமிலம் பெருகும், நார் செரிப்பது மந்தமாகும், மாடு புல்லைத் தொடுவதைக் குறைத்துக்கொள்ளும். நிலத்தில் புல் நிற்கும்போதே காசு கொடுத்து வாங்கிய தானியத்தில் வயிறு நிறைவது வீண் செலவு.

நேரத்துக்கும் பங்குண்டு. மாடுகள் விடியலை ஒட்டியும் மாலையிலும்தான் மும்முரமாக மேயும். காலையில் தீவன வண்டி வந்தால், அதன் சத்தம் கேட்டதுமே மேய்ச்சலை விட்டு ஓடிவரும். மான்டானாவின் மைல்ஸ் சிட்டியிலுள்ள ஃபோர்ட் கியோ ஆய்வு நிலையத்தில் ஆடம்ஸ் என்ற ஆய்வாளர் தீவன நேரத்தின் விளைவைச் சோதித்து 1985இல் முடிவுகளை வெளியிட்டார். பிற்பகலில் மக்காச்சோளம் பெற்ற காளைகள், காலையில் பெற்றவற்றைவிட அதிகப் புல் தின்றன. அவற்றின் எடையும் கூடுதலாக ஏறியது. தீவனத்தின் அளவை மாற்றாமல், நேரத்தை மட்டும் மாற்றிக் கிடைத்த லாபம் இது.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இடம். மாடுகள் இயல்பாகவே ஓடைக்கரையிலும் சமவெளியிலும் தங்கிவிடும். அங்கே புல் மொட்டையாகிக் கரை இடிய, மேட்டுச் சரிவில் புல் தீண்டப்படாமல் முற்றும். வண்டி போக வசதியான இடமென்று தண்ணீருக்குப் பக்கத்திலேயே தீவனம் வைப்பவர்கள் இந்தச் சேதத்தைப் பெருக்குகிறார்கள். மேய்ச்சல் நில ஆய்வாளர் டெரெக் பெய்லியும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் மான்டானா மலையடிவாரங்களில் மொலாசஸ் (வெல்லப்பாகு) கலந்த தீவனக் கட்டிகளை மாடுகள் அதிகம் போகாத மேட்டில் வைத்தார்கள். கட்டியைச் சுற்றி ஏறத்தாழ 600 மீட்டர் வரை மேய்ச்சல் கூடியது. வேலி போடும் செலவோடு ஒப்பிட்டால் இது மிக மலிவான வழி. மாடுகள் நக்கும் உப்புக்கட்டியைத் தண்ணீரிலிருந்து கால் மைல் தள்ளி வைக்கவேண்டும் என்று அரசின் பொது நிலங்களுக்கான மேய்ச்சல் அனுமதிகள் பலவற்றில் ஏற்கெனவே நிபந்தனை உண்டு. அத்தோடு நிறுத்தாமல், எந்தச் சரிவில் புல் மிஞ்சியிருக்கிறது என்று பார்த்து அங்கே கட்டிகளை வைப்பதையும், புல் குறையக் குறைய இடம் மாற்றுவதையும் அந்த அனுமதிகளில் சேர்க்க வேண்டும்.