வீட்டுக்காரர் எங்கே?

“குடும்பம் சிதைகிறது, கலாச்சாரம் அழிகிறது” என்று ஒரு கூட்டம் ஓயாமல் ஓலமிடுகிறது. கணவனைப் பிரிந்து வந்த பெண்தான் அவர்கள் கண்ணில் குற்றவாளி. கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாமே என்பது அவர்கள் தீர்ப்பு. அடி வாங்கியவளுக்குப் பொறுமையை உபதேசிக்கும் இந்தப் பெரிய மனிதர்கள், அடித்தவனிடம் ஒரு நாளாவது வாய் திறந்ததுண்டா?

வெளியே வந்தவள் எங்கே போகிறாள்? ஊர்வாய்க்கு அஞ்சி, துறையூர்ப் பக்கமிருந்தோ அரியலூர்ப் பக்கமிருந்தோ குழந்தையோடு திருச்சிக்கு வருகிறாள். சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கி, காவேரிப் பாலம் தாண்டி, ஸ்ரீரங்கத்தில் வாடகைக்கு ஓர் அறை தேடுகிறாள். வீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி: “உங்க வீட்டுக்காரர் எங்கே?”

வீட்டின் சொந்தக்காரனுக்கும் கணவனுக்கும் நம் பேச்சில் ஒரே பெயர்! சொத்து யார் கையில் என்பதை அந்த ஒரு சொல்லே சொல்லிவிடுகிறது. துபாயில் இருக்கிறார் என்று பொய் சொன்னால் அறை கிடைக்கும். உண்மையைச் சொன்னால் அட்வான்ஸ் உயரும். அல்லது கதவு அடைபடும்.

இதே ஸ்ரீரங்கத்தில் பங்குனிதோறும் நடப்பதென்ன? உறையூர்க் கமலவல்லி நாச்சியாரிடம் போய்த் திரும்பும் நம்பெருமாளுக்கு, ரங்கநாயகித் தாயார் கதவைச் சாத்துகிறாள். மட்டையடி என்றே அந்த உற்சவத்துக்குப் பெயர். நம்மாழ்வார் வந்து சமாதானம் பேசவேண்டியிருக்கிறது. ஜனங்கள் நெஞ்சுருகிப் பார்க்கிறார்கள். யாருடைய பக்தியையும் நாம் கேலி செய்யவில்லை. ஒன்றுதான் கேட்கிறோம்: படிதாண்டாப் பத்தினி என்று புகழப்படும் தாயாருக்குச் சாத்துவதற்குச் சொந்தமாக ஒரு கதவு இருக்கிறது. மனுஷிக்கு எங்கே இருக்கிறது? அவள் படியைத் தாண்டாமல் வேறென்ன செய்வாள்?

பிழைப்புக்கு என்ன வழி? பூக்கட்டலாம், முழக்கணக்கில் கூலி. அல்லது ஜவுளிக் கடையில் நாள் முழுதும் நிற்கலாம். கடைச் சிப்பந்திகளுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல்தான் சட்டம் வந்தது. நாற்காலிக்கே ஒரு சட்டம்! அதே ஆண்டு பெண்களுக்கு நகர பஸ்ஸில் கட்டணம் ரத்தானது; வேலை தேடி அலைபவளுக்கு அது மெய்யான உதவி, மறுக்கவில்லை.

ஜீவனாம்சம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, காகிதத்தில். இடைக்கால ஜீவனாம்ச மனுவை, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த 60 நாளில் ‘இயன்றவரை’ முடிக்கவேண்டும் என்கிறது சட்டம். அந்த ‘இயன்றவரை’ என்ற சொல்லில் எத்தனை வாய்தாக்கள் அடங்கிக் கிடக்கின்றன! மனுச் செய்த தேதியிலிருந்தே தொகை கணக்கிடப்படவேண்டும் என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியது. நல்ல தீர்ப்பு. ஆனால் கட்டாதவனைத் துரத்தும் வேலை மறுபடி அவள் தலையில்தான். அதற்கும் ஓராண்டுக் கெடு. தவறினால் அந்தப் பாக்கியை இந்த வழியில் வசூலிக்க முடியாது.

சர்க்காரின் உதவித்தொகையோ ‘கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கு’ உரியது; 2023-ல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 30 வயது நிரம்பியிருக்கவேண்டும். கைவிடப்பட்டு 5 ஆண்டாவது ஆகியிருக்கவேண்டும், அல்லது கோர்ட்டின் பிரிவுச் சான்று வேண்டும். 24 வயதில் கைக்குழந்தையோடு வந்து நிற்பவள் 30 வரை எதைத் தின்பாள்? பசிக்கு ஐந்தாண்டு வாய்தா உண்டா?

வேறு வழியில்லையா? மேற்கு ஜெர்மனி 1980-ல் ஒரு சட்டத்தை அமல் செய்தது. தகப்பன் பணம் கட்டாவிட்டால் பிள்ளைக்கு சர்க்காரே கொடுத்துவிட்டு, பிறகு அவனிடம் வசூலிக்கும். அது சோஷலிச நாடல்ல, முதலாளிகளின் நாடு!

நாம் கேட்பதும் அதுதான். வயது வரம்பையும் ஐந்தாண்டு நிபந்தனையையும் எடுத்தெறியுங்கள். கோர்ட் உத்தரவிட்ட மறுமாதமே ஜீவனாம்சத்தை சர்க்கார் கஜானாவிலிருந்து கொடுங்கள்; கணவனின் சம்பளத்திலும் சொத்திலும் பின்னால் பிடித்துக்கொள்ளுங்கள். ஏழை விவசாயியின் வரிப்பாக்கிக்கு வீடு தேடி வரத் தெரிந்த தாசில்தாருக்கு, இவன் வீட்டுக்கு மட்டும் வழி தெரியாதா?