பவாயில் பட்டியல் சாதி, மாட்டுங்காவில் பொதுப்பிரிவு

தாராவியில் பிறந்து, மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியில் படித்து, பொறியியல் கல்வியை நாடும் ஓர் ஆதிதிராவிட மாணவியை எண்ணிப் பார்க்கலாம். குடும்பத்தின் வேர் திருநெல்வேலியில். தந்தைக்குத் தமிழ்நாடு வழங்கிய சாதிச் சான்றிதழின் அடிப்படையில் அவளும் சான்று பெற்றால், பவாயிலுள்ள ஐ.ஐ.டி.யில் அவள் பட்டியல் சாதி மாணவி. தாராவிக்கு அருகிலேயே, மாட்டுங்காவில், மாநில ஒதுக்கீட்டு விதிகளின்படி சேர்க்கை நடத்தும் வி.ஜே.டி.ஐ.யிலோ அவள் பொதுப்பிரிவு.

அரசியலமைப்பின் 341ஆம் பிரிவு பட்டியல் சாதிகளை மாநிலவாரியாக வரையறுக்கிறது. தமிழ்நாட்டின் பட்டியலில் ஆதிதிராவிடர் உண்டு. மகாராஷ்டிரத்தின் பட்டியலில் அப்பெயரே இல்லை. பெயர் இரண்டிலும் இருந்தாலும் போதாது என்பதை 1990இல் உச்ச நீதிமன்றம் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உறுதிசெய்தது. அவ்வழக்கும் பம்பாயில் எழுந்ததே. ஆந்திரத்தில் பழங்குடிச் சான்று பெற்று, அந்த ஒதுக்கீட்டிலேயே மத்திய அரசின் உர நிறுவனத்தில் பணியாற்றியவரின் மகனுக்கு, சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் அதே ஒதுக்கீடு மறுக்கப்பட்டது. 2018இல் பீர் சிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வும் அக்கோட்பாட்டை ஏற்றது.

இதன் தர்க்கம் எளிதில் புறந்தள்ளத்தக்கதன்று. ஒரு சாதியின் பின்தங்கிய நிலை அந்தந்த மாநிலச் சூழலைச் சார்ந்தது. வெளியிலிருந்து வருவோர் பங்கு கேட்டால் உள்ளூர்த் தலித் மாணவர்களின் இடங்கள் குறையும். இந்த அச்சம் நியாயமானது. ஆனால், புலம்பெயர்ந்தவர் தம் சமூக இழிவை ஊரிலேயே விட்டுவிட்டு வருகிறார் என்னும் அனுமானம் நியாயமானதன்று. திருநெல்வேலியிலிருந்து வந்தவர்களுக்குத் தாராவியின் தோல் பதனிடும் கூடங்களில் வேலை கிடைத்ததற்கு, பிறர் தீண்ட மறுத்த தொழில் அது என்பதும் காரணம். எந்த வேலை, எந்தக் குடியிருப்பு என்பதைத் தீர்மானித்த சாதி, சான்றிதழில் மட்டும் மாநில எல்லையில் நின்றுவிடுகிறது.

மொழிச் சிறுபான்மைக் கல்லூரிகளின் ஒதுக்கீடு இக்குறையை ஈடுசெய்யாது. அங்கே தாய்மொழியே தகுதி. மாட்டுங்காவிலோ செம்பூரிலோ தலைமுறைகளாகக் கல்வி பெற்ற குடும்பத்தின் பிள்ளையும், தாராவிக் கூலித் தொழிலாளியின் மகளும் 'தமிழர்' என்ற ஒரே வரிசையில் மதிப்பெண்ணால் போட்டியிடுகின்றனர். பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடிந்தவர் முன்னே நிற்கிறார்.

தீர்வு உள்ளூர் ஒதுக்கீட்டைப் பங்கிடுவதில் இல்லை. மாநிலக் கல்லூரிகளில், இருக்கும் ஒதுக்கீட்டைத் தொடாமல், அங்கேயே பிறந்து படித்த புலம்பெயர் பட்டியல் சாதிப் பிள்ளைகளுக்குக் கூடுதல் இடங்களை உருவாக்கலாம். பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய உதவித்தொகையில் 2020-21 முதல் 60 விழுக்காடு மத்திய அரசின் பங்கு. பவாயில் அவளைப் பட்டியல் சாதியாக ஏற்கும் அதே மத்திய அரசு, மாட்டுங்காவில் அவளது கட்டணத்தை ஏற்கத் தயங்க வேண்டியதில்லை. பட்டியலைத் திருத்தும் அதிகாரமோ 341(2)இன்படி நாடாளுமன்றத்துக்கே உரியது.

நாட்டின் எப்பகுதியிலும் குடியேறும் உரிமையை 19ஆம் பிரிவு வழங்குகிறது. பாட்டன் அவ்வுரிமையைப் பயன்படுத்தினார் என்பதற்காகப் பேத்தி கல்லூரி வாசலில் அதற்கு விலை கொடுப்பது எவ்வகையிலும் சமூகநீதி ஆகாது.