தட்டில் ஹலால் தேடும் நாம், பேரத்தில் தேடுகிறோமா?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

பள்ளி விடுமுறை வந்தால் குற்றாலத்திற்கும் கொடைக்கானலுக்கும் சென்றுவந்த நம் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்க் குடும்பங்களில் சில, இப்போது தாய்லாந்து வரை சென்று வருகின்றன. அல்ஹம்துலில்லாஹ், பூமியில் பயணம் செய்து படைப்பினங்களைக் கண்டு சிந்திக்குமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் நம்மைத் தூண்டுகிறது. பயணம் புறப்படும் முன் மதரஸாவிற்கு வந்து பெற்றோர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "ஹஜ்ரத், அங்கே மிதக்கும் சந்தையில் விற்கும் உணவைச் சாப்பிடலாமா?"

நல்ல கேள்வி. பாங்காக்கில் மணிக்கல் வணிகம் செய்யும் உறவினர் ஒருவரின் அழைப்பின் பேரில் சென்ற ஆண்டு குடும்பத்துடன் அங்கே சென்றுவந்ததால், கண்டறிந்ததைக் கொண்டே விடை சொல்கிறோம். ஆனால் அந்தக் கேள்வியோடு சேர்த்துக் கேட்கப்பட வேண்டிய மற்றொரு கேள்வியும் உண்டு. அதை எவரும் கேட்பதில்லை. நாமும் கேட்காமலேயே சென்றோம்.

முதலில் உணவு. பாங்காக்கிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், ராட்சபுரி மாகாணத்தில் இருக்கிறது டாம்னோன் சதுவாக் மிதக்கும் சந்தை. ராட்சபுரி என்பது 'ராஜபுரி' என்னும் சொல்லின் தாய்லாந்து உச்சரிப்பே. ராஜபாளையத்துக்காரர்களாகிய எங்களுக்கு அந்தப் பெயரே ஓர் உறவாகத் தோன்றியது. மன்னர் நான்காம் ராமா காலத்தில், 1866இல் தொடங்கி 1868இல் முடிக்கப்பட்டது இந்தக் கால்வாய். நீளம் 32 கிலோமீட்டர். மே குலோங், தா சீன் ஆகிய இரண்டு ஆறுகளை இணைக்கிறது. சாலைகள் அரிதாக இருந்த காலத்தில் தோட்டத்துக் காய்கனிகளைப் படகில் ஏற்றிவந்து விற்பதே அம்மக்களின் வாழ்க்கையாக இருந்தது. சாலைகள் பெருகியதும் சந்தைகள் கரையேறின. இன்று டாம்னோன் சதுவாக் பெரிதும் வெளியூர்ப் பயணிகளை நம்பியே நடக்கிறது. பனையோலைத் தொப்பி அணிந்த பெண்கள் சிறு படகில் அமர்ந்து, அடுப்பையும் படகிலேயே வைத்துச் சமைத்துத் தருகிறார்கள்.

மாம்பழம், ரம்புத்தான், பொமலோ, இளநீர் ஆகியவற்றை ஐயமின்றி உண்ணலாம். அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் குழிக்கல்லில் வார்க்கும் பலகாரம் நம் குழிப்பணியாரத்தின் உடன்பிறப்பு. அதன்மேல் வேறெதையும் தூவுகிறார்களா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். 'படகு நூடுல்ஸ்' என்று விற்கப்படுவதில் மிகுந்த எச்சரிக்கை தேவை. அதன் சாற்றில் பன்றியின் அல்லது மாட்டின் இரத்தம் கலப்பது வழக்கம்; ஓடும் இரத்தம் நமக்கு ஹராம். சுட்ட கணவாய் எங்கும் கிடைக்கும். ஷாஃபிஈ மத்ஹபினருக்கு அது ஆகும். ஹனஃபி மத்ஹபினருக்கு ஆகாது. இறைச்சி உணவு என்றால் தாய்லாந்து மத்திய இஸ்லாமியக் கவுன்சிலின் ஹலால் முத்திரை உள்ள கடையையோ முஸ்லிம்கள் நடத்தும் கடையையோ நாடுவதே பேணுதல். அந்நாட்டில் முஸ்லிம்கள் நெடுங்காலமாக வாழ்கிறார்கள். பாங்காக்கின் சீலோம் பகுதியில் தமிழ் முஸ்லிம்களோடு தொடர்புடைய பள்ளிவாசலும் உண்டு. தேடினால் ஹலால் உணவு கிடைக்கும்.

இவ்வளவையும் நாங்கள் அன்று பேணினோம். பிள்ளைகள் பசி என்று அழுதபோதும் ஐயமானதை வாங்கித் தரவில்லை. அதே காலைப்பொழுதில், அதே கால்வாயில் நாம் செய்த மற்றொரு காரியத்தை இப்போது சொல்கிறோம்.

வயது முதிர்ந்த பெண்மணி ஒருவர் படகில் பனையோலைத் தொப்பிகள் விற்றுக்கொண்டிருந்தார். ஒன்றிற்கு 200 பாட் கேட்டார். நம் கணக்கில் ஏறத்தாழ 500 ரூபாய். நாம் 50 பாட் என்றோம். அவர் தலையசைத்தார். நாம் படகை நகர்த்தச் சொன்னோம். அவர் துடுப்பை வலித்துப் பின்னாலேயே வந்தார். 150 என்றார், 120 என்றார். நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். கடைசியில் 80 பாட்டிற்குக் கொடுத்துவிட்டு, இரு கைகளையும் கூப்பி வணங்கிச் சென்றார். உடன்வந்தோர் "நல்ல பேரம்" என்று பாராட்டினார்கள். நமக்கும் பெருமையாகவே இருந்தது.

அன்றைய படகுச் சவாரிக்குப் படித்துறை அலுவலகம் ஒன்றில் அச்சிட்ட அட்டையைக் காட்டித் தொகை கேட்டிருந்தார்கள். குளிரூட்டிய அறை, சீருடை அணிந்த பணியாளர். நாம் ஒரு வார்த்தை பேசாமல் கொடுத்தோம். வேறொரு படித்துறையில் ஏறிய குடும்பம் அதில் பாதியே கொடுத்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. பேரம் பேச வேண்டிய இடத்தில் வாய் மூடி இருந்தோம். விட்டுக்கொடுக்க வேண்டிய இடத்தில் வீரம் காட்டினோம்.

ஊர் திரும்பிய சில வாரங்களில் மாம்பழப் பருவம் வந்தது. மலையடிவாரத் தோப்புகளிலிருந்து சப்பட்டையும் பஞ்சவர்ணமும் கூடைகளில் வந்து இறங்கின. சாலையோரத்தில் கூடையுடன் அமர்ந்திருந்த ஒரு மூதாட்டியிடம் கிலோவிற்கு இருபது ரூபாய் குறைக்கச் சொல்லி நின்றபோது, அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் நாம் கண்டது எங்கள் தாயாரை.

அத்தா மறைந்தபோது நாங்கள் சிறுபிள்ளைகள். அம்மா ராஜபாளையத்தில் கூடை வைத்து எலுமிச்சையும் முருங்கைக்காயும் விற்றுத்தான் எங்களை ஓத வைத்தார். இஷா தொழுத பிறகு பாயில் அமர்ந்து சில்லறையை எண்ணுவார். "இன்னைக்கு ஒரு அம்மா கேட்ட காசைக் குடுத்துட்டுப் போச்சு, அது புள்ளைக நல்லா இருக்கணும்" என்று துஆச் செய்வார். அடித்துப் பேசி வாங்கியவர்களை அவர் ஒருநாளும் சபித்ததில்லை. ஆனால் அந்த நாட்களில் எங்கள் குழம்பில் எண்ணெய் இருக்காது. வாங்கியவருக்கு அது இரண்டு ரூபாய் இலாபம். எங்களுக்கு அது இரவுச் சோறு. அந்தச் சோற்றைத் தின்று வளர்ந்து, ஹலால், ஹராம் பாடம் நடத்தும் நாம்தான் அன்று கால்வாயில் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

பேரம் பேசுவது கூடாது என்று நாம் சொல்லவில்லை. மார்க்கம் அதை அனுமதித்திருக்கிறது. நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களே ஜாபிர் (ரலி) அவர்களிடம் ஒட்டகம் ஒன்றை விலை பேசி வாங்கியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பேரம் எப்படி முடிந்தது? மதீனா வந்ததும் விலையை நிறைவாகக் கொடுத்து, ஒட்டகத்தையும் ஜாபிரிடமே திருப்பித் தந்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இந்நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களைப் பற்றியும் ஒரு செய்தி அறிவிக்கப்படுகிறது. அவர்களுக்காக 300 திர்ஹத்திற்கு ஒரு குதிரை பேசி முடிக்கப்பட்டது. குதிரையைக் கண்ட அவர்கள், "இது அதைவிட மதிப்புடையது" என்று உரிமையாளரிடம் சொல்லிச் சொல்லி, 800 திர்ஹம் வரை தாமே விலையை உயர்த்திக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் நலம் நாடுவதாக நபியவர்களிடம் செய்த உறுதிமொழியே அதற்குக் காரணம். வாங்கும்போதும் விற்கும்போதும் பெருந்தன்மையாக நடப்பவருக்காக நபியவர்கள் துஆச் செய்திருக்கிறார்கள் என்பதை நாம் பிள்ளைகளுக்குப் பாடமாகவே சொல்லித் தருகிறோம்.

வாணிபம் இருதரப்பின் மனவொப்புதலோடு நடக்க வேண்டும் என்பது குர்ஆனின் கட்டளை. தேவை நெருக்கியதால் 80 பாட்டிற்குத் தலையசைத்தவரின் ஒப்புதல் எத்தகையது? அந்த வியாபாரம் செல்லும். தொப்பி நமக்குச் சொந்தம். ஆயினும் ஒருவருடைய இக்கட்டைக் கருவியாக்கி விலையை நசுக்குவது வெறுக்கத்தக்கது என்று மார்க்க அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள்.

"வெளிநாட்டுக்காரன் என்று தெரிந்தால் இரட்டை விலை சொல்கிறார்களே, ஏமாந்து நிற்பதா?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஏமாற வேண்டியதில்லை. இரண்டு மூன்று படகுகளில் விசாரித்து விலை அறிந்துகொள்ளுங்கள். ஒருமுறை குறைத்துக் கேளுங்கள். கட்டாவிட்டால் புன்னகையுடன் விடைபெறுங்கள். தரகு சேர்த்துக் கட்டணம் கேட்கும் அலுவலகத்தில் உறுதியாகப் பேசுங்கள். ஆனால் தம் கையால் துடுப்பு வலித்துப் பொருளைக் கொண்டுவருபவரிடம், அவர் குரல் தளரும்வரை பேசாதீர்கள். விலை அறிவது விவேகம். எளியவரின் அடிமட்டத்தைத் தோண்டிப் பார்ப்பது வேறு.

இதற்குத் தாய்லாந்து வரை செல்ல வேண்டியதே இல்லை. மதுரையிலிருந்து தென்காசி செல்லும் சாலையில் நம் இரண்டு ஊர்களும் அடுத்தடுத்து இருக்கின்றன. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை வாங்கக் கடைக்குள் நுழைகிறோம். பலகையில் எழுதியிருக்கும் விலையைக் கொடுத்துப் பெட்டியை வாங்கிக்கொள்கிறோம். துணிக்கடையில் ஒட்டியிருக்கும் சீட்டுக்கு மறுபேச்சுப் பேசுவதில்லை. வெளியே வந்து, வாசலில் கூடையுடன் இருக்கும் கொய்யாப்பழக்காரரிடம் ஐந்து ரூபாய்க்கு வாதாடுகிறோம். பிள்ளைகள் பக்கத்தில் நின்று அதைப் பார்க்கின்றன. மதரஸாவில் நாம் ஓராண்டு நடத்தும் பாடத்தை அந்த ஐந்து நிமிடம் அழித்துவிடுகிறது.

அந்த 120 பாட்டிற்கு ஈடான தொகையை நாம் ஸதகாவாகக் கொடுத்தோம். ஆனால் அது யாருக்குச் சேர வேண்டுமோ அவருக்குச் சேரவில்லை என்பது நமக்குத் தெரியும். தொப்பி இன்னும் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. எவரும் அணிவதில்லை. எடுத்துவிடலாம் என்று வீட்டார் சொன்னார்கள், இருக்கட்டும் என்றோம்.

எனவே, பயணம் புறப்படும் சகோதர, சகோதரிகளே! "அங்கே சாப்பிடலாமா?" என்று கேளுங்கள், அவசியம் கேளுங்கள். கூடவே, "அங்கே எப்படி வாங்க வேண்டும்?" என்றும் கேளுங்கள். தட்டில் இருப்பது ஹலாலா என்று பார்க்கும் கண்கள், தட்டை நீட்டும் கையையும் பார்க்கட்டும். இன்று மாலை கடைத்தெருவில் கூடைக்காரரிடம் வாங்கும்போதே இதைத் தொடங்கலாம்; அதற்குக் கடவுச்சீட்டுத் தேவையில்லை.

நம் சம்பாத்தியத்திலும் செலவிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! கொடுக்கல் வாங்கலில் பெருந்தன்மை உடையோராக நம்மையும் நம் பிள்ளைகளையும் ஆக்குவானாக! ஆமீன்.