காற்று வீசும் இடமும் காற்று தேங்கும் இடமும்: முகக்கவசம் குறித்து மன்றத்தின் நிலைப்பாடு

கொரோனா பரவலால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட மெரினா கடற்கரை பொதுமக்களுக்கு மறுபடி திறக்கப்பட்டது அந்த ஆண்டின் டிசம்பர் 14 அன்று. அதற்குள் ஏசி ஓடும் வணிக வளாகங்கள் செப்டம்பரிலேயே திறந்துவிட்டன. நவம்பர் 10 முதல் சினிமா தியேட்டர்களில் பாதி இருக்கைகளுக்கு டிக்கெட் கொடுத்தார்கள். கூட்டம் சேர்ந்துவிடும் என்ற பயம்தான் கடற்கரையைப் பூட்ட வைத்தது. அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது. ஆனாலும் சென்னையில் காற்று ஓயாமல் வீசும் மணல்வெளிக்குத் தடை நீடித்தபோதே, கதவடைத்த அரங்குக்குள் ஆட்களை அனுமதித்தோம். எது ஆபத்து, எது அவ்வளவு ஆபத்தில்லை என்று எடைபோடும் தராசு அந்த ஒன்பது மாதங்களில் எங்கோ சாய்ந்திருந்தது.

எங்கள் மன்றத்தின் நிலைப்பாடு அங்கிருந்தே தொடங்குகிறது. அடுத்த பெருந்தொற்றில் முகக்கவச விதியை இடம் பார்த்து எழுத வேண்டும். காற்று தேங்கி, பலர் நெடுநேரம் சேர்ந்திருக்கும் இடங்களில் மாஸ்க் கட்டாயம். நெரிசல் இல்லாத திறந்தவெளியில் அவரவர் விருப்பம். கட்டாயப்படுத்தும் இடங்களில் நல்ல மாஸ்க்கை அரசே இலவசமாகத் தர வேண்டும்.

இதற்கான சான்றைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2020இல் தமிழ்நாடும் ஆந்திரமும் தொற்றாளர்களோடு பழகியவர்களை ஊர் ஊராகத் தேடிப் பரிசோதித்தன. ரமணன் லட்சுமிநாராயணன் தலைமையிலான ஆய்வுக்குழு அந்தப் பதிவுகளை அலசி, செப்டம்பர் இறுதியில் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டது. 84,965 தொற்றாளர்கள், அவர்களோடு பழகிய 5,75,071 பேர். தொற்றாளர்களில் சுமார் 70 சதவீதம் பேரிடமிருந்து, உடன் பழகிய யாருக்கும் நோய் பரவியதாகத் தெரியவில்லை. வெறும் 8 சதவீதம் பேரோடு தொடர்புடையவைதான் புதிய தொற்றுகளில் 60 சதவீதம். வீட்டுக்குள் பழகியவர்களில் 9 சதவீதத்தினருக்குத் தொற்றியது. வீட்டுக்கு வெளியே சமூகத்தில் பழகியவர்களில் 2.6 சதவீதத்தினருக்கு. ஆனால் தொற்றாளரோடு ஒரே வண்டியில், ஆறு மணி நேரத்துக்கு மேல் நெருங்கி உட்கார்ந்து வந்தவர்களைத் தனியாகக் கணக்கெடுத்தபோது, அவர்களில் 79 சதவீதத்தினருக்குத் தொற்று இருந்தது. அந்தப் பிரிவில் இருந்தவர்கள் 78 பேர்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சிறிய எண்ணிக்கைதான் என்றாலும், ராத்திரி பஸ்ஸில் ஜன்னலை மூடிவிட்டுத் தூங்கியபடி ஊர் போய்ச் சேர்ந்த அனுபவம் உள்ள எவருக்கும் அதன் பொருள் விளங்கும்.

வெகுதூரத்திலிருந்தும் ஒரு சான்று உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் பள்ளத்தாக்கைச் சேர்ந்த பாடகர் குழு ஒன்று 2020 மார்ச் 10 அன்று ஒத்திகைக்குக் கூடியது. வந்தவர்கள் 61 பேர். வாசலில் சானிட்டைசர் இருந்தது. வழக்கமான அணைப்பையும் கைகுலுக்கலையும் தவிர்த்தார்கள். இரண்டரை மணி நேரம் பாடினார்கள். அவர்களில் 53 பேர் நோயுற்றார்கள், இருவர் இறந்தார்கள். கையைக் கழுவிய கவனம் காற்றின்மேல் இல்லை. அன்று உலகத்தில் பெரும்பாலானோருக்கும் அந்தக் கவனம் இல்லை என்பதால், அவர்கள்மீது குறை சொல்ல ஒன்றுமில்லை.

மாஸ்க் உண்மையிலேயே காக்குமா என்ற கேள்விக்கு நேர்மையான பதில் ‘ஓரளவு, சேர்ந்து போட்டால் கூடுதலாக’ என்பதுதான். டென்மார்க்கில் ஆறாயிரம் பேரிடம் நடந்த சோதனையில் மாஸ்க் பரிந்துரைக்கப்பட்டவர்களில் 1.8 சதவீதத்தினருக்கும், மற்றவர்களில் 2.1 சதவீதத்தினருக்கும் தொற்று ஏற்பட்டது. அந்த வேறுபாட்டை வைத்து உறுதியாக எதையும் சொல்ல முடியவில்லை. அது அணிந்தவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பை மட்டுமே அளந்த சோதனை; அவரிடமிருந்து அடுத்தவருக்குப் பரவுவது குறைகிறதா என்று அது பார்க்கவில்லை.

அதைவிட நமக்கு நெருக்கமானது வங்கதேசச் சோதனை. 600 கிராமங்கள், மூன்று லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்கள். பாதி ஊர்களில் வீடுதேடிப் போய் இலவசமாக மாஸ்க் கொடுத்தார்கள். ஊர்ப் பெரியவர்களும் இமாம்களும் தாங்களே அணிந்து காட்டினார்கள். சந்தையில் மாஸ்க் இல்லாமல் வந்தவர்களிடம் நின்று பேசி நினைவூட்டினார்கள். 13 சதவீதமாக இருந்த பழக்கம் 42 ஆனது. அறுவை சிகிச்சை மாஸ்க் கொடுத்த ஊர்களில் அறிகுறியோடு கூடிய தொற்று 11 சதவீதம் குறைந்தது; அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் 35 சதவீதம். துணி மாஸ்க் கொடுத்த ஊர்களில் தெளிவான பலன் தெரியவில்லை. பாதிப் பேருக்கும் குறைவானவர்கள் போட்டே இவ்வளவு கிடைத்தது என்பதை மன்றம் முக்கியமாகக் கருதுகிறது.

தமிழ்நாட்டில் 2020 ஜூலை இறுதியில் ரேஷன் கடைகள் வழியாக ஆளுக்கு இரண்டு துணி மாஸ்க் கொடுக்கத் தொடங்கியது நல்ல தொடக்கம். தட்டுப்பாட்டுக் காலத்தில் துணி என்பது சரியான முடிவும்கூட. அதன் பிறகு பேச்சு அபராதத்தை நோக்கித் திரும்பிவிட்டது. அந்த செப்டம்பரில் 200 ரூபாய், 2022 ஜனவரியில் 500 ரூபாய். அன்றாடக் கூலிக்குப் போகிறவருக்கு 500 ரூபாய் என்பது வீட்டின் ஒருநாள் அடுப்பு. அபராத பயம் தாடையில் தொங்கும் மாஸ்க்கைத்தான் வளர்த்தது: போலீஸ் தென்பட்டால் மேலே ஏறும், கடைக்குள் நுழைந்ததும் கீழே இறங்கும். பாதுகாப்பு தேவைப்பட்ட வரிசை அப்படியே தலைகீழானது. ஆகவே தனிநபர் அபராதத்தை மன்றம் எதிர்க்கிறது. மண்டபம், தியேட்டர், அலுவலகம் நடத்துபவர்கள் ஜன்னலைத் திறக்காமல், காற்றோட்டம் தராமல் இருந்தால் அவர்களைப் பொறுப்பாக்க வேண்டும்.

கல்யாண மண்டபத்தையே எடுத்துக்கொள்வோம். முகூர்த்தத்தில் எல்லார் முகத்திலும் மாஸ்க் இருக்கும். போட்டோவுக்குக் கழற்றுவார்கள். பந்தியில் இலைக்கு இலை ஒட்டி உட்கார்ந்து, சத்தமாகப் பேசிக்கொண்டு சாப்பிடும் அரை மணி நேரம்தான் அந்த நாளின் உண்மையான ஆபத்து. அங்கே மாஸ்க்குக்கு வேலையே இல்லை. பந்தியை மண்டபத்துக்கு வெளியே பந்தலுக்குக் கீழே மாற்றினால், நூறு அறிவிப்புப் பலகைகள் தராத பலன் கிடைக்கும்.

‘யாருக்குப் பயமோ அவர்கள் போட்டுக்கொள்ளட்டும்’ என்ற வாதத்தை மன்றம் முழுதாக ஏற்கவில்லை. சினிமாவுக்குப் போகாமல் இருக்கலாம். டயாலிசிஸுக்குப் போகாமல் இருக்க முடியாது. டவுன் பஸ் கண்டக்டரும் ரேஷன் கடை வரிசையில் நிற்கும் பாட்டியும் தங்கள் ஆபத்தைத் தாங்களே தேர்ந்தெடுத்தவர்கள் அல்ல. ஆகவே தொற்று ஏறும் காலத்தில் மருத்துவமனை, பஸ், ரயில், அரசு அலுவலகம் ஆகிய இடங்களில் விதி எல்லாருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு விலக்கு வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2020லேயே அப்படித்தான் சொல்லின. உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்பவர்களோடு பேசும்போது மாஸ்க்கை இறக்குவது குற்றமாகக் கூடாது.

அறிவுரை மாறும்போது, ஏன் மாறியது என்பதையும் அரசு சொல்ல வேண்டும். நலமாக இருப்பவர்கள் எல்லாரும் மாஸ்க் அணியத் தேவையில்லை என்று தொடக்கத்தில் சொன்ன உலக சுகாதார நிறுவனம், 2020 ஜூன் 5 அன்று தன் பரிந்துரையை மாற்றியது. மருத்துவப் பணியாளர்களுக்கே தட்டுப்பாடு வந்துவிடுமோ என்ற கவலையும் முந்தைய நிலைக்குப் பின்னால் இருந்தது. அதை முதல் நாளே மக்களிடம் விளக்கமாகச் சொல்லியிருந்தால், ‘நேற்று வேண்டாம், இன்று கட்டாயமா?’ என்ற கேள்வி டீக்கடைகளில் அவ்வளவு கசப்போடு எழுந்திருக்காது.

முதல் கட்டமாக மன்றம் கேட்பது சிறியது. அரசு மருத்துவமனைகளின் புறநோயாளிகள் பிரிவு வாசலில், இருமலோடு வருகிறவர் யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளும்படி ஒரு பெட்டி நிறைய மாஸ்க் இருக்க வேண்டும். காத்திருக்கும் கூடத்தின் ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும். காசநோயும் காற்றில்தான் பரவுகிறது. அந்தப் பெட்டியை வைக்க அடுத்த பெருந்தொற்று வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.